மில் வாசலும் கம்பெனி கேட்டும்

செல்லிப்பட்டு, திருபுவனை, திருக்கனூர் பக்கத்தில் வளர்ந்த என் தலைமுறைக்கு நிரந்தர வேலை என்றால் இரண்டுதான். ஒன்று அரசாங்க வேலை, இன்னொன்று புதுச்சேரி மில் வேலை. மில்லில் ஒருவர் நிரந்தரமாகிவிட்டால் அவரை வெளியே அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை என்பது ஊருக்கே தெரியும். பெண் கொடுத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் அதை நம்பித்தான் மாதக் கணக்கு எழுதினார். அந்த உறுதியை எந்த முதலாளியும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் அவரோடு நின்றவர்களும் நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்குக் கிடைத்தன. ‘எனக்குப் பிடிக்கவில்லை, நாளையிலிருந்து வராதே’ என்று ஒரு முதலாளி சொல்லும் அதிகாரத்துக்கு இந்த மண்ணில் விழுந்த முதல் கடிவாளம் அது. ஜூலை 30 இன்றும் இங்கே தியாகிகள் தினம். மாலை போடுகிறவர்கள் குறையவில்லை. எதற்காகச் செத்தார்கள் என்று விளக்கிச் சொல்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இங்கேயும் வந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். கடைசியாக வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மறுபடி ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவரை முதலில் கூப்பிட வேண்டும். 1965இல் வந்த திருத்தத்தால், சங்கம் துணைக்கு வராவிட்டாலும் தனி ஒருவரே தன் வேலைநீக்கத்தைத் தகராறாக எழுப்ப முடிந்தது. 1971 திருத்தம், தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியது என்றால் அதைக் குறைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்தது. 1976இல் முந்நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி கட்டாயமாயிற்று. பிறகு அந்த வரம்பு நூறாக இறங்கியது. வெளியே அனுப்புகிற வாசலுக்கு இப்படி ஒன்றன் மேல் ஒன்றாகப் பூட்டுப் போட்டோம். உள்ளே விடுகிற வாசல் திறந்தபடியே கிடந்தது. யாரை எடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது, என்ன காரணத்துக்காக என்ற கேள்விகளை நம் தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் கேட்கவேயில்லை. அந்த ஒரு பக்கப் பார்வைதான் இன்று நம் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறது என்பது என் கட்சி.

மில் காலத்தில் ஆள் எடுத்தவர் பெரும்பாலும் மேஸ்திரி. அவர் தன் ஊர், தன் உறவு, தன் சாதி என்று அழைத்து வந்தார். இடம் வாங்கிக் கொடுத்ததற்குக் கையில் ஏதாவது வாங்கிக்கொள்வதும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையமே, ஆள் எடுக்கும் அதிகாரமும் நீக்கும் அதிகாரமும் மேஸ்திரி கையில் இருக்கக் கூடாது, அதற்கென்று தனி அலுவலர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. சங்கங்கள் இதில் எவ்வளவு அக்கறை காட்டின என்று கேட்டால், பெருமைப்படும்படி ஒன்றும் இல்லை. உள்ளே இருப்பவர்களின் போனஸ், உள்ளே இருப்பவர்களின் பஞ்சப்படி, உள்ளே இருப்பவர்களின் வாரிசுக்கு வேலை என்றுதான் கோரிக்கைகள் எழுந்தன. அதில் வியப்பும் இல்லை. உள்ளே இருப்பவருக்குத்தான் சந்தா கட்ட வழி உண்டு, சங்கம் உண்டு, கொடி உண்டு. இன்னும் உள்ளே வராதவருக்குச் சங்கம் கிடையாது.

அந்த மில்கள் இன்று இல்லை. ரோடியர் மில் என்று ஊரார் சொன்ன ஏ.எஃப்.டி., 1980களில் அரசின் கைக்கு வந்து, நஷ்டத்தில் இழுத்துக்கொண்டிருந்து, ‘தானே’ புயலில் அடிபட்டு, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களுக்கும் அதே கதிதான். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஓடவில்லை. இப்போது வேலை என்றால் திருபுவனை, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள். கேட்டில் நிற்பவர் கம்பெனி ஆள் கூட இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். பயோடேட்டாவை அவர்தான் வாங்குகிறார், பெயரையும் அவர்தான் அடிக்கிறார். 240 நாள் முடிவதற்குள் ‘பிரேக்’ கொடுத்து மறுபடி புதிதாக எடுத்துக்கொள்வதால், நான் மேலே அடுக்கிய பாதுகாப்பெல்லாம் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: இரண்டு ஆண்டுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் 480 நாளைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வெளியே அனுப்புவது கடினம் என்று ஆனதும் முதலாளி அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. உள்ளே எடுக்கும்போதே சலித்து எடுக்கத் தொடங்கினார், அல்லது உள்ளே எடுத்ததாகவே காகிதத்தில் காட்டாமல் விட்டார்.

எதை வைத்துச் சலிக்கிறார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளூர் ஆள் வேண்டாம்: காரியம், கருமாதி, தீமிதித் திருவிழா என்று லீவு போடுவான், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சங்கம் பேசுவான். கல்யாணம் ஆன பெண் வேண்டாம்: குழந்தைக்குக் காய்ச்சல் என்பாள், நைட் ஷிப்டுக்கு வரமாட்டாள். மூன்றாவதை வாய்விட்டுச் சொல்வதில்லை, கேள்வியாகக் கேட்பார்கள்: ‘செல்லிப்பட்டா? அங்கே எந்தப் பக்கம்?’ வடநாட்டில் பெயரின் வாலைப் பார்த்தே சாதி தெரிந்துவிடும். நம் பக்கம் பெயரில் வால் இல்லாததால் தெருவைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதே புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பழைய சட்ட நிலையைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட்டு, புதுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சாதியை உதறும் வழியாக அதைப் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. பெயர் மாறியது, தெரு அங்கேயே இருந்தது.

இது வெறும் புலம்பல் அல்ல என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அது பட்டதாரி வேலைகளுக்கான சோதனை. பெயரும் படிப்பும் தவிர வேறொன்றும் தெரியாத நிலையில் நடந்தது. ஆளையே நேரில் நிறுத்தி, ஆதார் அட்டையில் முகவரி பார்த்து, ஊரையும் தெருவையும் கேட்டு எடுக்கும் தொழிற்பேட்டை கேட்டில் நிலைமை அதைவிட நியாயமாக இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

முதலாளி தரப்பு நியாயத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அதில் பலமும் உண்டு. பன்னிரண்டு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவர் தன் வீட்டை அடகு வைத்துத்தான் நடத்துகிறார். சரியாக வராத ஆள் ஒருவர் இருந்தால் ஆர்டரே போய்விடும். யாரை நம்பி மெஷினைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லையென்றால் தொழில் நடத்தும் உரிமைக்கே பொருளில்லை. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. தவறான ஆளை எடுத்துவிட்டால் திருப்பி அனுப்ப வழியில்லை என்ற பயமே பலரைப் புதிதாக ஆள் எடுக்கவிடாமல் தடுக்கிறது என்பதும் பெருமளவு உண்மை. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகுபாட்டைத் தடுக்கும் விதி இதில் எதையும் பறிக்கவில்லை. இன்னாரை எடு என்று அது சொல்வதில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் ஒருவரைத் தள்ளாதே என்று மட்டும் சொல்கிறது. வெல்டிங் தெரியாதவரைத் தள்ளலாம், நேரத்துக்கு வராதவரைத் தள்ளலாம், குடித்துவிட்டு வருபவரைத் தாராளமாகத் தள்ளலாம். வெல்டிங் தெரிந்தவரை அவர் தெருவுக்காகத் தள்ள முடியாது, அவ்வளவுதான்.

‘தெருவும் தாலியும்கூட வேலைக்குச் சம்பந்தப்பட்ட காரணங்கள்தான், கல்யாணமான பெண்கள் சராசரியாக அதிகம் லீவு போடுகிறார்கள்’ என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் சொல்லி அறுபது ஆண்டு ஆகிறது. பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி, பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண்கள் கல்யாணம் ஆனால் தாமாகவே வேலை இழப்பார்கள் என்று நிபந்தனை வைத்திருந்தது. 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கல்யாணமான பெண் மற்றவர்களைவிட அதிகமாக லீவு போடுவாள் என்று சொல்ல என்ன ஆதாரம், குழந்தைதான் காரணம் என்றால் குழந்தை உள்ள விதவைக்கும் அது பொருந்துமே, விதவையை வைத்துக்கொண்டு மனைவியை மட்டும் ஏன் அனுப்புகிறாய் என்பது நீதிபதிகளின் கேள்வி. பிரசவ விடுப்புக்கென்று உபரி ஆள் வைத்துக்கொள்வது எல்லா ஆலையும் செய்கிற ஏற்பாடு என்றும் சொன்னார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பம்பாய் லேபர் யூனியன் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அவர்கள் உள்ளே இருந்தவர்கள். விமானப் பணிப்பெண்கள் வழக்கில் 1981இல் அதே நீதிமன்றம் பாதி தூரம்தான் வந்தது: முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை அடித்தது, முதல் நான்கு ஆண்டு கல்யாணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது.

இப்போது 2024க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. ஒன்றிய அரசு தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, தொழிலாளர் துறையினர் ஆலைக்குப் போனார்கள். வெளியான கணக்குப்படி அங்கே வேலை பார்த்த 41,281 பேரில் பெண்கள் 33,360. அவர்களில் கல்யாணமானவர்கள் 2,750, அதாவது நூற்றுக்கு எட்டு. தமிழ்நாட்டில் வேலை தேடும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்தானா கல்யாணமானவர்கள்? ஆய்வுக்குப் போனவர்கள் உள்ளே வேலை பார்க்கும் கல்யாணமான பெண்களைக் கேட்டு, பாகுபாடு இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் இதில் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. உள்ளே விடப்படாதவர்களைப் பற்றி உள்ளே இருப்பவர்களிடம் விசாரித்தால் வேறென்ன பதில் வரும்? 1965இல் கேட்க ஒரு சங்கம் இருந்தது. 2024இல் கேட்டிலிருந்து திரும்பிய பெண் யாரென்றே எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பிரசவச் செலவு என்ற வாதத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பொய்க் கணக்கு. 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வார விடுப்பு. சம்பளத்தை முதலாளி தர வேண்டியிருப்பதால் பெண்களை எடுக்கத் தயங்குகிறார்கள் என்கிறார்கள். பெரிய அலுவலகங்களில் அதிகச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார். அவருடைய பிரசவ காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தருகிறது, முதலாளி அல்ல. முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். கல்யாணமானவரோ ஆகாதவரோ, ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் அதே 3.25 தான். திருபுவனைத் தொழிற்பேட்டையில் பெண்கள் பார்க்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றின் சம்பளம் இந்த வரம்புக்குள்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு மாற்று ஆளைப் பழக்கும் சிரமம் மட்டும் முதலாளிக்கு மிச்சம். காண்ட்ராக்ட்டில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கும் கம்பெனிக்கு, ஆளைப் பழக்குவது ஒரு புதுச் சிரமம் என்று சொல்லும் தகுதி இல்லை.

சந்தையே இதைச் சரிசெய்துவிடும் என்று சொல்லும் பொருளாதாரப் பள்ளியும் உண்டு. கேரி பெக்கர் 1957இல் எழுதிய நூலின் சாரம் அது: திறமையான ஆளைச் சாதிக்காகவோ நிறத்துக்காகவோ தள்ளுகிற முதலாளி நஷ்டப்படுவார், அந்த ஆளை எடுத்துக்கொள்ளும் போட்டியாளர் ஜெயிப்பார், பாகுபாடு தானாகத் தேய்ந்துவிடும். ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்று சந்தை இறுக்கமாக இருக்கும் இடத்தில் இது நடக்கலாம். ஒரு வேலைக்கு இருபது பேர் கேட்டில் நிற்கும் இடத்தில் பத்தொன்பது பேரைத் தள்ளுவதில் யாருக்கு நஷ்டம்? எந்தக் காரணத்துக்காகத் தள்ளினாலும் உள்ளே போகும் ஒருவர் வேலையைச் செய்துவிடுவார். வயல்காட்டில் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். வேலைக்கு வைக்கவும் நீக்கவும் எல்லையில்லாத சுதந்திரம் எங்கே இருந்தது என்றால் நம் நஞ்சையில்தான் இருந்தது. நோட்டீஸ் கிடையாது, நட்டஈடு கிடையாது. ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்றால் முடிந்தது. ஊரில் ஏதாவது தகராறு வந்தால் சேரிக்கு நடவு வேலை சொல்லாமல் விடுவது என்ற தண்டனையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களும் நம் கிராமங்களும் நன்றாக அறியும். வெளியூர் ஆளை வண்டி வைத்துக் கூட்டி வந்து, கூலி அதிகம் கொடுத்தாவது நட்டிருக்கிறார்கள். பெக்கர் சொன்ன நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பிடிவாதம் அவர்களுக்கு மதிப்புள்ளதாக இருந்தது.

வேலை சொல்லாமல் விடுவதும் ஒரு வன்கொடுமைதான் என்று சட்டம் பிறகு ஒத்துக்கொண்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், கூலி வேலை கொடுக்க மறுப்பதைப் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று வரையறுத்துக் குற்றமாக்கியது. அதற்கும் முன்பே, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில், தீண்டாமையின் பேரால் ஒருவரை ஒரு வேலையில் சேரவிடாமல் தடுப்பது குற்றம்தான். அப்படியானால் கேட்டில் நடப்பதற்கும் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். காகிதத்தில் இருக்கிறது. அவை குற்றவியல் சட்டங்கள். போலீசுக்குப் போக வேண்டும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கேட்டில் யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதில்லை. ‘வேகன்சி இல்லை, போன் பண்றோம்’ என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அதை எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? பெண்களுக்கு 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆள் எடுப்பிலேயே பாகுபாடு கூடாது என்றது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017 சட்டமும், திருநர்களுக்கு 2019 சட்டமும் தனியார் கம்பெனிகளையும் கட்டுப்படுத்துகின்றன. சாதி, மதம், ஊர், கல்யாணம் என்ற நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு தனியார் ஆள் எடுப்பைக் கேள்வி கேட்கும் சிவில் சட்டம் இன்றுவரை நமக்கு இல்லை. 2006இல் சச்சார் குழு சமவாய்ப்பு ஆணையம் கேட்டது. 2008இல் மாதவ மேனன் குழு அதற்கு வரைவே எழுதிக் கொடுத்தது. 2017இல் சசி தரூர் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஒன்றும் கரையேறவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டது. நம் பையன் அங்கே போய்த்தான் அந்தப் பாதுகாப்பைப் பெற வேண்டும் போலிருக்கிறது.

அமெரிக்காவை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலைக்கு வைக்கவும் நீக்கவும் முதலாளிக்கு உலகிலேயே அதிகச் சுதந்திரம் உள்ள நாடுகளில் அது ஒன்று. மொன்டானா ஒன்று நீங்கலாக மற்ற மாநிலங்களில், காரணம் சொல்லாமலே ஆளை அனுப்பிவிடலாம். அதே நாட்டில்தான் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்தக் கம்பெனியும் நிறம், மதம், பால், பூர்வீகம் பார்த்து ஆளை எடுக்கவோ நீக்கவோ கூடாது என்கிறது. காரணமே இல்லாமல் அனுப்பலாம், கெட்ட காரணத்துக்காக அனுப்பக் கூடாது. சிறு பட்டறைக்காரருக்கு விலக்கு இருக்கிறது. வழக்கு நடக்கும் விதத்தையும் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1973இல் எளிதாக்கி வைத்தது: தகுதி இருந்தும் தள்ளப்பட்டேன், இடம் காலியாகவே இருந்தது என்று விண்ணப்பித்தவர் காட்டினால் போதும், தள்ளியதற்கான காரணத்தை முதலாளி சொல்ல வேண்டும், அது சாக்குதான் என்று காட்டும் வாய்ப்பு மறுபடி விண்ணப்பித்தவருக்கு. சிறைத்தண்டனைப் பேச்சே இல்லை, வேலையும் நட்டஈடும்தான். முதலாளியின் சுதந்திரமும் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்று சொல்பவர்கள் அறுபது ஆண்டாக அவை அங்கே குடியிருப்பதைப் பார்க்கட்டும். பாகுபாடு அங்கே ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பங்களில் பெயரை மாற்றி அனுப்பும் சோதனைகள் அங்கேயும் வெட்கக்கேடான முடிவுகளையே தருகின்றன. ஆனால் தள்ளப்பட்டவருக்குக் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

என் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். உள்ளூர் ஆள் வேண்டாம் என்று கம்பெனி சொல்வது அநியாயம் என்றால், உள்ளூர் ஆளுக்கே எல்லா வேலையும் என்று நாம் கேட்பதும் நியாயம் ஆகாது. தனியார் வேலையில் நூற்றுக்கு எழுபத்தைந்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தொழிற்பேட்டைப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்திருக்கும் பையன் நம் வேலையைத் திருடவில்லை. கேட்க ஆளில்லாதவன், லீவு கேட்காதவன், ஊருக்குப் போனால் திரும்பி வராவிட்டாலும் கவலையில்லை என்பதற்காகத்தான் அவனை எடுத்தார்கள். நம்மைத் தள்ளியதும் அவனைச் சேர்த்ததும் ஒரே கணக்கு. நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை என்பது வேறு. அது சலுகை அல்ல, இழப்பீட்டின் ஒரு பகுதி, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சேதராப்பட்டு, கரசூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று எடுத்த நிலம் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

சட்டம் வந்தால் பொய் வழக்கு பெருகும், இன்ஸ்பெக்டர்கள் கைநீட்டுவார்கள் என்ற பயம் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் போலீசையும் இன்ஸ்பெக்டரையும் நம்பாமல் பதிவேட்டை நம்பச் சொல்கிறேன். யார் யார் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தார்கள், தள்ளியவர்களுக்கு ஒரு வரியில் என்ன காரணம் என்று எழுதி இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும்; கேட்டவருக்கு நகல் கொடுக்க வேண்டும். நேர்மையாக ஆள் எடுப்பவருக்கு இதில் மாதத்துக்கு ஒரு மணி நேரம் கூடச் செலவாகாது, பொய் வழக்கு வந்தால் அவரைக் காப்பதும் அந்தப் பதிவேடுதான். காண்ட்ராக்டர் தள்ளினாலும் கம்பெனி தள்ளியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் எல்லாப் பழியும் ஒரு லெட்டர்பேடு ஆசாமி மேல் விழுந்து காணாமல் போய்விடும்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் அரசு அனுமதி தேவைப்படும் வரம்பு நூறிலிருந்து மறுபடி முந்நூறாகிவிட்டது. வேலை விதிகளை எழுதி வைத்துச் சான்று பெறும் கடமையும் முந்நூறு பேர் உள்ள இடத்துக்குத்தான். குறித்த கால வேலை சட்டபூர்வமாகிவிட்டது. நம் தொழிற்பேட்டைகளில் முந்நூறு பேர் உள்ள ஆலைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக, வெளியே அனுப்பும் சுதந்திரம் முதலாளிகளுக்கு வந்துவிட்டது. ‘அனுப்ப முடியாது, அதனால் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம்’ என்ற சாக்கு இனி அவர்களுக்குக் கிடையாது. கேட்டதைக் கொடுத்தாயிற்று. பதிலுக்கு நாம் கேட்பது, எடுக்கும்போது நியாயமாக எடு என்பது மட்டுமே. இதற்குப் பாராளுமன்றம் வரை போகக் கூட வேண்டியதில்லை. திருபுவனையிலும் சேதராப்பட்டிலும் மனைகளைக் கொடுப்பது அரசின் பிப்டிக் நிறுவனம். மனை ஒதுக்கும் ஒப்பந்தத்தில், விண்ணப்பப் படிவத்தில் சாதி, மதம், தெரு, திருமண நிலை கேட்கக் கூடாது, ஆள் எடுப்புப் பதிவேடு வைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் இந்த ஒன்றைக் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைக்கும் வேலை நம்முடையது.